மழை: 38

டி.வி. திரையில் 'அனுமதி இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. என் வீட்டுக்காரர் சட்டை போடாமல், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த வரியையே முறைத்தார். மேஜைமேல் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பச்சைப் பலகை. அதுதான் கம்ப்யூட்டராம். ரேஸ்பெரி பை என்று பெயர். அதற்கு ஒரு ஒயர் டி.வி.க்கு, ஒரு ஒயர் கரண்டுக்கு, இன்னொன்று மாடியிலிருந்து வரும் சேதியை வாங்கும் பெட்டிக்கு. சாப்பாட்டு மேஜையில் இத்தனை ஒயர் ஓடினால் மனுஷன் எங்கே தட்டை வைப்பது? நாங்கள் மூன்று நாளாகத் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

"டேய் தமிழு, பர்மிஷன் இல்லன்றான்டா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"முன்னாடி சூடோன்னு ஒரு வார்த்தை போடுப்பா, அப்போதான் அனுமதி குடுக்கும்" என்றான் மகன் அறைக்குள்ளிருந்தே.

"சூடு போட்டாத்தான் சொன்ன பேச்சு கேக்குமா? உன்ன மாரியே கீதுடா இது."

சூடு போட்டார். அது கேட்டது. வரிகள் மளமளவென்று மேலே ஓடின. இவர் முகம், அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் நின்றுபோன மெஷின் திரும்ப ஓடும்போது எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. போன வருஷம் ரிட்டையர் ஆனார். ஆன மறுநாள் என் அடுக்களைக்குள் வந்து, மிளகாய்த் தூள் டப்பா ஏன் உப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிதருக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுக்காவிட்டால் நான் ஊரைவிட்டு ஓட வேண்டியதுதான் என்று. அதனால் அவர் ஒருநாள் மொட்டை மாடியில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதன் தலையில் சுற்றுகிற கிண்ணங்களும் காற்றாடி வாலும் மழைத் தண்ணீர் பிடிக்கிற புனலும் கொண்ட ஒரு கருவியை மாட்டியபோது நான் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு முறைதான் கேட்டேன். மழை பெய்யுதான்னு தெரிஞ்சுக்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா போதாதா என்று. என் கேள்விகளில் பதில் இல்லாதவற்றை அவர் காதில் வாங்குவதில்லை.

அந்தக் கருவி சொல்வதைக் கணக்கெழுதும் மென்பொருளை இலவசமாகவே தருகிறார்களாம். உலகம் முழுக்க இவரைப் போலவே வீட்டில் அடங்காத ஆட்கள் சேர்ந்து எழுதியது போலிருக்கிறது. ஏற்றி முடித்ததும் அது கேள்வி கேட்க ஆரம்பித்தது. முதல் கேள்வி, ஊர் பெயர் என்ன.

"மாங்காடு" என்று தட்டப் போனார்.

தமிழரசு அறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். "அப்பா, போரூர் அருகில்னு போடுப்பா."

"போரூர் எங்க கீது, நாம எங்க கீறோம்? கம்ப்யூட்டருகிட்ட போய் பொய் சொல்லச் சொல்றியா?"

மகன் என்னைப் பார்த்தான். அவன் கவலை எனக்குப் புரிந்தது. ஜாதகத்தோடு கொடுத்த காகிதத்தில் 'சொந்த வீடு, போரூர் அருகில்' என்றுதான் போட்டிருந்தோம். மாங்காடு என்றால் காமாட்சியம்மன் கோயிலுக்கு அடுத்தபடியாக வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது செம்பரம்பாக்கம் ஏரி. ஏரி என்றால் வெள்ளம். போன வருஷம் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். அன்றைக்கென்று பார்த்துத் தெருமுனையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள், காபி குடித்தார்கள், ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் ஊருக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

இப்போது வந்திருப்பது வாலாஜாபேட்டை இடம். பெண் கிருஷ்ணப்பிரியா. கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், ஹாஸ்டலில் தங்கி, வாரக் கடைசியில் ஊருக்குப் போய் வருகிறாள். நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். எனக்குப் பிடித்தது. தமிழரசுக்குப் பிடித்தது என்று அவன் வாயால் சொல்லவில்லை. ஆனால் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் கொசு கடித்து வீங்கிய பிறகுதான் இறங்கி வருகிறான். முப்பத்திரண்டு வயதாகிறது. ஐந்தாறு இடம் தட்டிப்போன பிறகு, அவன் சிரித்துக்கொண்டே படியிறங்கி வருவதைப் பார்க்க எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இந்த இடமும் போய்விட்டால் அவன் இனி பெண்ணே பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுவான். எனக்கு அது தெரியும்.

இனி அவர்கள் வீடு பார்க்க வர வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெரியவர்கள் வருவார்கள், பெண் வர மாட்டாள். வந்தவர்கள் காபி குடிப்பார்கள், ஒரு வாய் கேசரி எடுத்துக்கொள்வார்கள். சாப்பாட்டில் மட்டும் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிடித்திருந்தால் 'இலை போடுங்கம்மா' என்று அவர்களே கேட்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் காபியோடு சரி. அதனால் மாப்பிள்ளை வீட்டில் யாரும் வாயால் எதுவும் கேட்பதில்லை. எல்லோரும் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் இவர் மாங்காடு என்றே தட்டினார்.

இரண்டாவது கேள்வி, கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம். இதற்கு எதிர் வீட்டு வேம்புலி வந்து சேர்ந்தார். எங்கள் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர் குடும்பத்துக் கத்திரிக்காய்க் கொல்லை. மனை போட்டு எங்களுக்கெல்லாம் விற்றது அவர்தான். இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் எந்தப் பொருள் பிரிக்கப்பட்டாலும் அட்டைப்பெட்டி வாசனையிலேயே வந்துவிடுவார்.

"இருவது மீட்டருன்னு காட்டுது ஃபோன்ல" என்றார் இவர்.

"இருவதா? அண்ணாத்தே, உனுக்கு மனை விக்கிறப்போ நான் இன்னா சொன்னேன்? மேடு. இருவத்தஞ்சு போடு."

"ஃபோன்ல வர்றததான போட முடியும்?"

"ஃபோனு இன்னா பத்திர ஆபீசா? மண்ணு கொட்டி ஏத்தினவன் நானு. ஒரு அஞ்சு மீட்டரு கூடப் போட்டா உன் சொத்தா போய்டும்?"

உயரத்தைக் கூட்டிப் போட்டால் காற்றழுத்தம் தப்பாகக் காட்டும் என்று இவர் விளக்க ஆரம்பித்தார். வேம்புலி நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு, மேடு மேடுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபதே நின்றது.

மூன்றாவது கேள்விதான் எங்கள் தலையெழுத்தை மாற்றியது. அளவு எந்த முறையில் வேண்டும். அமெரிக்காக்காரன் முறை ஒன்று, மழையை சென்டிமீட்டரில் சொல்கிற முறை ஒன்று, மில்லிமீட்டரில் சொல்கிற முறை ஒன்று. இவர் யோசிக்காமல் மில்லிமீட்டரைத் தேர்ந்தெடுத்தார்.

"பேப்பர்ல, டி.வி.ல எல்லாம் சென்டிமீட்டர்தானே சொல்றாங்க?" என்றேன்.

"மழைன்னா மில்லிமீட்டர்தான். அதான் முறை. பேப்பர்காரனுக்கு இடம் பத்தாது, அதான் சுருக்கிப் போடுறான்."

இப்படி ஒரு காரணத்தை அவரால் கண்ணிமைக்காமல் சொல்ல முடியும். நான் வெங்காயம் உரிக்கப் போய்விட்டேன்.

அப்புறம் ஒரு வாரம் அந்தப் பக்கத்தைத் தமிழாக்குவதில் போனது. யார் வேண்டுமானாலும் ஃபோனில் திறந்து பார்க்கலாம், எங்கள் மாடியில் இந்த நிமிஷம் என்ன நடக்கிறது என்று தெரியும். அதில் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்பது இவருக்கு ஒரு வெறி. வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை என்று தலைப்புகள் அழகாக வந்துவிட்டன. அளவுப் பெயர்கள் வேறொரு கோப்பில் இருந்தன. அந்தக் கோப்பு மட்டும் தமிழைக் கண்டாலே கேள்விக்குறியாகக் கொட்டியது. 'மி.மீ.' என்று எழுதினால் 'மழை: 2 ?????' என்று காட்டும். மழை பெய்ததா இல்லையா என்று அதற்கே சந்தேகம் போல. தமிழரசிடம் கேட்டால், ஆபீசில் பார்க்கும் வேலையை வீட்டிலும் பார்க்கச் சொல்லாதே என்றான். இவர் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, அளவுப் பெயர்களையே எடுத்துவிட்டார். எண் மட்டும் நின்றது. "வெய்யில்னா டிகிரி, மழைன்னா மில்லிமீட்டரு. இதுகூடத் தெரியாதவன் எதுக்கு வந்து பாக்கணும்?" என்றார்.

அதோடு விட்டாரா? அந்தப் பக்கத்தின் முகவரியைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். பெண்ணின் அப்பா ராஜசேகரனுக்கும். எனக்கு விஷயம் தெரிந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டேன். மேலே கொட்டை எழுத்தில் மாங்காடு என்று இருக்கிறதே. ஆனால் ராஜசேகரன் போரூர் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாலாஜாவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். காலையில் கடை திறந்ததும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பாராம். 'வணக்கம். இன்று உங்கள் வீட்டில் 31. எங்கள் கடையில் அதைவிட அதிகம்' என்று தினமும் ஒரு செய்தி வரும். இவர் அதைப் படித்துவிட்டு நாள் முழுக்கப் பூரித்துக்கொண்டிருப்பார். சம்பந்தம் அமைகிறதோ இல்லையோ, சம்பந்திகள் அமைந்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவானது. சனிக்கிழமை மதியம் வானம் கறுத்து, பூந்தமல்லிப் பக்கமிருந்து காற்று அடித்து, நல்ல மழை பிடித்தது. நான் தண்ணீர் தேங்குகிறதா என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் குழந்தையைப் போல டி.வி. முன்னால் உட்கார்ந்து எண் ஏறுவதைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது. இருபத்தாறு. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டில் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் பட்டாசு மாதிரி வெடித்தது. கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் டவரும் போய், எல்லோர் ஃபோனும் செங்கல்லாகிவிட்டது. மழையும் விட்டுவிட்டது. தெருமுனைத் தண்ணீர் இருட்டுவதற்குள் வடிந்தும் விட்டது. காமாட்சியம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். இவர்தான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கரண்ட் இல்லாமல் பக்கம் நின்றுபோய்விட்டதாம். உலகம் முழுக்க எங்கள் மாடியைப் பார்க்கக் காத்திருக்கிற மாதிரி.

ஞாயிறு காலையிலும் கரண்ட் வரவில்லை. மிக்ஸி இல்லை, மோட்டார் இல்லை. வேம்புலி வீட்டுக் கைப்பம்பிலிருந்து தமிழரசு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு வாளியில் தண்ணீர் எடுத்து வந்துகொண்டிருந்தான். அவர்கள் பத்து மணிக்கு மேல்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் கோலம் போட்டு முடித்து நிமிர்கிறேன், தெருவுக்குள் ஒரு குட்டி யானை லோடு வண்டி திரும்புகிறது. பின்னாலேயே ஒரு கார். குட்டி யானையின் தலையில் காற்றடைத்த லாரி டியூப் ஒன்று கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

கார் கதவைத் திறந்துகொண்டு ராஜசேகரன் இறங்கினார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார். காலில் செருப்பில்லை. கையில் நீளமாக ஒரு மூங்கில் கழி, தண்ணீருக்கடியில் பள்ளம் இருக்கிறதா என்று குத்திப் பார்ப்பதற்கு. காய்ந்த ரோட்டில், என் கோலத்துக்கு முன்னால், அந்தக் கழியோடு நின்று தெருவை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாரும் நல்லாக்கீறீங்களாம்மா?"

"வாங்க, வாங்க. நல்லா இருக்கோம். என்ன இவ்ளோ சீக்கிரம்?"

"தண்ணி எப்போ வடிஞ்சுது?"

"எந்தத் தண்ணிங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினார். மாங்காடு. மழை: 38. அதற்குக் கீழே, நேற்று மாலையோடு நின்றுபோன நேரம். எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார். எதிர் வீட்டிலிருந்து வேம்புலி பல்குச்சியோடு வந்தார்.

"முப்பத்தெட்டு சென்டிமீட்டருன்னு போட்டுட்டு அப்படியே நின்னு போச்சு" என்றார் ராஜசேகரன். "ஃபோனு போட்டா ஒருத்தர் ஃபோனும் எடுக்கல. டி.வி.ல பாத்தா செம்பரம்பாக்கம் ஏரியக் காட்டறான். வூடு முழுவிப் போச்சுன்னே நெனச்சேன்."

என் வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அது... மில்லிமீட்டருங்க."

வேம்புலி பல்குச்சியை எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "முப்பத்தெட்டு சென்டிமீட்டரா! அம்மாம் பேஞ்சிருந்தா நான் இந்நேரம் கடல்ல மெதந்துகினு இருப்பேன் நைனா! இது மேடு!"

ராஜசேகரன் சிரிக்கவில்லை. கழியைப் பார்த்தார். டியூபைப் பார்த்தார். மெதுவாக வேட்டியை அவிழ்த்துக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டார். காது மடல் சிவந்துபோயிருந்தது. பெரிய மனிதர் ஒருவர் தெருவில் நின்று அப்படிக் கூசிப்போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"சரிங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்க. அது போதும். நாங்க கெளம்புறோம்" என்று காரைப் பார்த்துத் திரும்பினார்.

"என் தப்புங்க. எண்ணு மட்டும் போட்டேன், அளவு போடல" என்று இவர் பின்னாலேயே போனார். அவர் பரவாயில்லை பரவாயில்லை என்றார், ஆனால் முகத்தைக் காட்டவில்லை. இந்த இடமும் போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. காபிகூடக் குடிக்காமல் போகப்போகிறார்கள். தமிழரசு வாளிகளோடு நடுத்தெருவில் நின்றான். அவனும் அதையேதான் நினைத்தான் என்று அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

காரின் மறுபக்கமிருந்து அவர் மனைவி மங்களம் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. என் தம்பி ஊடு முடிச்சூர்ல. அந்தப் பெரிய வெள்ளத்தப்போ புள்ளகுட்டியோட மொட்ட மாடியில நின்னுகினு இருந்தான். இவரு சாப்பாடு கட்டிகினு வந்தாரு. தாம்பரம் தாண்டிப் போவவே முடியல. அவ்ளோ சோத்தையும் ரோட்டுலயே வெச்சுகினு அழுதாரு. அதுலேர்ந்து மழைன்னா இவருக்குப் பதறும். நேத்து ராவெல்லாம் புளிசாதம் கெளறிக் கட்டினோம். கடையத் தொறந்து போர்வை, துண்டு எல்லாம் ஏத்தினாரு. இன்னும் வெத்தல பாக்கே மாத்தல, நீ எதுக்குப் போறேன்னு இவரு அண்ணன் கேட்டாரு. மாத்தினாத்தான் மனுஷனான்னு கேட்டுட்டு வண்டியில ஏறிட்டாரு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போன வருஷம் கணுக்கால் தண்ணீருக்குச் செருப்பைக் கையில் எடுத்தவர்களும் மனிதர்கள்தான். வீடு முழுகிவிட்டது என்று நம்பிய பிறகு, டியூபைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாரே, இவரும் மனிதர்தான். இவர் வீட்டுப் பெண் எனக்கு வேண்டும். அந்த நிமிஷத்தில் மகனுக்காகக்கூட இல்லை, எனக்கே வேண்டும் என்றிருந்தது.

நான் நேராகக் குட்டி யானையிடம் போனேன். உள்ளே செய்தித்தாளில் கட்டிய பொட்டலங்கள் கூடை கூடையாக இருந்தன. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த வாசனை ஆளைத் தூக்கியது.

"சார், எங்க போறீங்க? தெருவே நேத்துலேர்ந்து கரண்ட் இல்லாமக் கெடக்குது. ஒரு வீட்டுலயும் மிக்ஸி ஓடல, இன்னும் டிபன் ஆவல. கொண்டாந்த சோத்த அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போயிடுவீங்களா?" என்றேன். பிறகு வேம்புலியைப் பார்த்து, "சிரிச்சது போதும். வந்து கூடையப் பிடிங்க" என்றேன். என் குரல் அப்படி இருந்தால் இந்தத் தெருவில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

ராஜசேகரன் நின்றார். திரும்பினார். வேம்புலி ஏற்கெனவே ஒரு கூடையைத் தோளில் ஏற்றிவிட்டார். "நைனா, சிரிச்சத மனசுல வெச்சுக்காத. எங்கூட்டுல மட்டும் எட்டுப் பேரு. பசியில கீறோம்" என்றார். ராஜசேகரன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. முதல் பொட்டலத்தை அவரே எடுத்து வேம்புலியின் மருமகள் கையில் கொடுத்தார். பத்தே நிமிஷத்தில் தெருவில் திருவிழாக் கூட்டம். கடைசி வீட்டு அப்துல் ரசாக், வாங்கிய பொட்டலத்தை அங்கேயே பிரித்துத் தின்றுவிட்டு, வேர்க்கடலை போட்டீங்களா, அதான் இந்த ருசி என்று மங்களத்தம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். ராஜசேகரன் கழியை எங்கள் சுவரில் சாய்த்துவிட்டு, கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி ஓடி ஓடிக் கொடுத்தார். முடிச்சூருக்குப் போகாமல் நின்றுபோன சோறுதான் இத்தனை வருஷம் கழித்து எங்கள் தெருவில் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். காரின் பின் சீட்டிலிருந்து, மழைக்கோட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, கிருஷ்ணப்பிரியா இறங்கி நின்றாள். வீடு பார்க்க வரக்கூடாத பெண். யாரும் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. வெள்ள நிவாரணத்துக்கு வந்த இடத்தில் வழக்கத்தை யார் நினைப்பார்கள்? தமிழரசு வாளிகளைக் கீழே வைத்தான். லுங்கியை இறக்கிவிட்டான். "ஹாய்" என்றான். இதற்கா இவனை இன்ஜினியரிங் படிக்க வைத்தேன்?

கூட்டம் குறைந்த நேரத்தில் ஃபேன் சுற்றியது. கரண்ட் வந்துவிட்டது. வீட்டுக்காரர் விருந்தாளிகளை அப்படியே விட்டுவிட்டு மேஜையிடம் ஓடினார். பச்சைப் பலகையில் சின்ன விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. அந்தப் பெண்ணும் உள்ளே வந்து அவர் பின்னால் நின்று பார்த்தாள். கேள்விக்குறி விவகாரத்தை அவர் அவளிடம் சொல்லிப் புலம்பினார்.

"நான் பாக்கட்டுமா அங்கிள்?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் அந்த நாற்காலியிலிருந்து எனக்காகக்கூட எழுந்ததில்லை. அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள், எழுத்து முறையை மாற்றிச் சேமித்தாள், எதையோ நிறுத்தித் திரும்ப ஓட விட்டாள். பக்கம் மறுபடி வந்தது. 'மழை: 0 மி.மீ.' என்று பளிச்சென்று நின்றது. இவர் அதைத் தெருவுக்கே காட்ட வேண்டும் என்று ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் தனியாக நின்றோம். எனக்கு ஒரு சந்தேகம்.

"ஏம்மா, இவ்ளோ தெரிஞ்ச உனக்கு, அது மில்லிமீட்டர்னு தெரியாமலா இருந்துது?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாத்தவுடனே தெரிஞ்சுது ஆன்ட்டி."

"அப்புறம் ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"சொல்லலாம்னுதான் எழுந்தேன். அதுக்குள்ள அவர் எல்லாரும் வாங்க, ஆளு வேணும்னார். என்னையும் சேத்துதான். வீடு பாக்க என்னை மட்டும் கூட்டிகினு வர மாட்டோம்னு சொல்லியிருந்தாங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இருக்கப் போறது நான்தானே ஆன்ட்டி."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு கொரட்டூரில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோதுதான் அந்த வீட்டுக்கு ஜன்னலே கிடையாது என்று தெரிந்தது. இவள் கெட்டிக்காரி. "வா, மாடியையும் பாத்துட்டு வந்துடு. தமிழு காட்டுவான்" என்றேன். அடுக்களை ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்றாள். எப்போது பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தபோது மீதமிருந்தது எங்களுக்கான பொட்டலங்கள்தான். மேஜையில் ஒயர். அதனால் கூடத்தில் பாய் விரித்து, பொட்டலத்தைப் பிரித்து எல்லோர் முன்னாலும் வைத்தேன். ராஜசேகரன், மங்களம், இவர், சிரித்த பாவத்துக்கு அழைப்பில்லாமலே வந்து உட்கார்ந்துவிட்ட வேம்புலி. பசி நேரம். மளமளவென்று சாப்பிட்டார்கள்.

நான் அடுக்களை வாசலில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்குள்தான் சாப்பிடுகிறார். ஆனால் அது அவர் வீட்டுச் சோறு, அவர் மனைவி கிளறியது. வைத்திருந்த தட்டைக்கூட எடுக்காமல் பொட்டலத்திலிருந்தே சாப்பிடுகிறார். இது கை நனைத்ததில் சேர்த்தியா, இல்லையா? யாரிடம் போய்க் கேட்பது? இப்படி ஒன்று நடக்கும் என்று எந்தப் பெரியவர் நினைத்து வழக்கம் எழுதி வைத்திருப்பார்? மாடியிலிருந்து தமிழரசின் சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் இந்த வீட்டில் நிற்க வேண்டுமே என்று காமாட்சியம்மனை வேண்டிக்கொண்டேன். ஆனாலும் வாய் திறந்து, இன்னும் கொஞ்சம் ஏதாவது வேண்டுமா என்று கேட்க எனக்கு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்கக்கூடாது.

ராஜசேகரன் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டுத் தலையைத் தூக்கினார். மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார்.

"மிளகு ரசமாம்மா?"

"ஆமாங்க. மிக்ஸி இல்ல, கையால நசுக்கிப் போட்டது. எங்களுக்குன்னு காலையில வெச்சேன்."

மங்களத்தம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வேம்புலிகூட மெல்லுவதை நிறுத்தினார்.

நான் ஓடிப்போய் ரசச் சட்டியைக் கரண்டியோடு கொண்டுவந்தேன். டம்ளர் எடுத்து வருகிறேன் என்று திரும்பினேன்.

"டம்ளர் எதுக்கும்மா?" என்றார். வலது கையைக் குழித்து நீட்டினார். "இதுலயே ஊத்துங்க."

ஊற்றினேன். விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டு வரை ஓடியது. உறிஞ்சிக் குடித்துவிட்டு, கையைத் துடைக்காமல், மறுபடியும் நீட்டினார்.